ஹேங்கர் என்னும் சிறு துண்டு: மலைச் சைக்கிளின் கியர் பாகங்கள் ஏன் மாறிக்கொண்டே இருக்கின்றன?

மலைச் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு வலப்பக்கம், ஃபிரேமுக்கும் டிரெய்லியருக்கும் நடுவே கட்டைவிரல் நீளத்தில் ஓர் அலுமினியத் துண்டு இருக்கும். அதற்கு ஹேங்கர் என்று பெயர். செயினைப் பல்சக்கரத்திலிருந்து பல்சக்கரத்துக்குத் தள்ளிவிடும் டிரெய்லியர், நேராக ஃபிரேமில் தொங்குவதில்லை. இந்தத் துண்டில்தான் தொங்குகிறது. பாறையில் மோதினாலோ சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழுந்தாலோ முதலில் வளைவதும் முறிவதும் இதுவாகவே இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை வேண்டுமென்றே மென்மையாகச் செய்கிறார்கள். மின்சாரத்தில் ஃபியூஸ் செய்யும் வேலையைச் சைக்கிளில் ஹேங்கர் செய்கிறது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு ஃபிரேம் நிறுவனமும், சில வேளைகளில் ஒரே நிறுவனத்தின் ஒவ்வொரு மாடலும், தனக்கென்று ஒரு ஹேங்கரை வரைந்துகொண்டது. அதனால் உலகச் சந்தையில் நூற்றுக்கணக்கான வடிவங்கள் சேர்ந்துவிட்டன. 2019இல் அமெரிக்காவின் ஸ்ராம் நிறுவனம் எல்லா ஃபிரேம்களுக்கும் பொருந்தக்கூடிய ஒரே ஹேங்கரை யூடிஎச் என்ற பெயரில் வெளியிட்டு, அதன் அளவுகளை ஃபிரேம் தயாரிப்பாளர்களுக்கு இலவசமாகவே வழங்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 மார்ச்சில், அதே ஹேங்கர் உட்காரும் துளையில் ஹேங்கரே இல்லாமல் நேரடியாக இறுக்கப்படும் ஒரு டிரெய்லியரையும் அதே நிறுவனம் கொண்டுவந்தது. ஹேங்கரைப் பொதுமைப்படுத்தியவர்களே அதை நீக்கவும் செய்தார்கள். மலைச் சைக்கிளின் பாகங்களில் கடந்த இருபது ஆண்டுகளாக நடந்துவரும் மாற்றங்களைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

முதலில் ‘ஸ்டாண்டர்டு’ என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நம் ஊர்த் தெருக்களில் பால்கேனும் சிலிண்டரும் சுமந்த கறுப்பு ரோட்ஸ்டர் சைக்கிளின் டயர் 28 × 1½ அங்குலம். ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ. எந்த நிறுவனத்தின் வண்டியாக இருந்தாலும் எந்த ஊர் சைக்கிள் கடையிலும் அந்த டயரும் டியூபும் கிராங்கின் காட்டர் பின்னும் கிடைக்கும். ஸ்டாண்டர்டு என்றதும் நம் மனத்தில் வருவது இந்த வகை உறுதிதான். மலைச் சைக்கிளிலும் டயர், ரிம் அளவுகளில் அது ஓரளவு உண்டு. 26 அங்குலத்துக்கு 559 மி.மீ., 27.5க்கு 584, 29க்கு 622 என்ற விட்டங்கள் சர்வதேசத் தர அமைப்பின் அட்டவணையில் உள்ளவை. அவற்றில் 584 பழைய பிரெஞ்சு சைக்கிள்களில் புழங்கிய அளவு. 622 சாலைப் பந்தய சைக்கிளின் அளவு. ஆனால் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பின் அகலம், அச்சின் மரை, பின் பல்சக்கரங்களின் அடுக்கான கேசட்டை மாட்டும் உருளை, கிராங்க் அச்சின் குறுக்களவு ஆகியவற்றில் ‘ஸ்டாண்டர்டு’ என்பது பெரும்பாலும் ஒரு நிறுவனம் வரைந்த படத்தைப் பிறர் பின்பற்றுவதுதான். பின்பற்றுகிறவர்கள் பெருகினால் அது நிலைக்கும். இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் உதிரிபாகம் கிடைக்காத அனாதையாகிவிடும்.

ஹப்பின் அகலத்தைப் பாருங்கள். விரைவுக் கழற்றி நெம்புகோல் இருந்த காலத்தில் பின் ஹப் 135 மி.மீ. அகலம். பிறகு 12 மி.மீ. பருமனுள்ள ஊடுருவும் அச்சு வந்தபோது அது 142 ஆனது. உண்மையில் அந்த மாற்றத்தில் ஹப்பின் உடலோ ஸ்போக் கம்பிகள் கோக்கும் விளிம்புகளோ நகரவே இல்லை. சக்கரத்தை மாட்டும்போது ஹப் தானாகச் சரியான இடத்தில் உட்காருவதற்காக இருபுறமும் மூன்றரை மில்லிமீட்டர் நீளம் கூடியது, அவ்வளவுதான். ஆகவே பல ஹப்களில் மூடிகளை மட்டும் மாற்றி 135ஐ 142 ஆக்க முடிந்தது. ஆனால் 2014இல் ட்ரெக் நிறுவனமும் ஸ்ராமும் முன்வைத்த ‘பூஸ்ட்’ அளவான 148 அப்படியல்ல. அதில் விளிம்புகளும் பிரேக் டிஸ்க் இருக்கும் இடமும் பக்கத்துக்கு 3 மி.மீ. வெளியே நகர்ந்தன, செயின் ஓடும் கோடும் 3 மி.மீ. வெளியே போனது. முன்ஃபோர்க்கின் ஹப் 100இலிருந்து 110 ஆனது.

காரணம் போலியானதல்ல. 29 அங்குலச் சக்கரத்தின் ஸ்போக்குகள் நீளமானவை; ஹப் விளிம்புகள் நெருங்கி இருந்தால் அவை ரிம்மைப் பிடிக்கும் கோணம் செங்குத்தாகி, பக்கவாட்டு விசைக்குச் சக்கரம் எளிதில் நெளியும். கோட்டம் எடுத்துப் பழகிய எந்த மெக்கானிக்குக்கும் இது விளங்கும். கூடவே, அகலமான டயருக்கும் முன் செயின் வீலுக்கும் நடுவே இடம் தேவைப்பட்டது. காரணம் சரிதான். அதன் விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: நல்ல நிலையில் இருந்த 142 சக்கரம் புதிய ஃபிரேமில் நேராக உட்காராது. இடைவெளியை நிரப்பும் தட்டுகள் விற்கிறார்கள். அவற்றைப் போட்டால் டிஸ்க்கையும் தள்ளிவைக்க வேண்டும், பல வேளைகளில் ரிம்மையும் ஸ்போக்குகளை இழுத்து நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

இனி கியருக்கு வருவோம், ஏனெனில் ஹேங்கரின் கதை அங்கேதான் தொடங்குகிறது. 2000களில் மலைச் சைக்கிளின் முன்புறம் 44, 32, 22 பற்கள் கொண்ட மூன்று செயின் வீல்களும் பின்புறம் 11 முதல் 34 வரை பற்கள் கொண்ட ஒன்பது பல்சக்கரங்களும் இருப்பது சாதாரணம். மிக இலகுவான கியருக்கும் மிகக் கடினமான கியருக்கும் இடையிலான விகிதம் 618 சதவீதம். 2012இல் ஸ்ராம் ‘எக்ஸ்எக்ஸ்1’ என்ற தொகுப்பில் முன்புறத்தை ஒரே செயின் வீலாகச் சுருக்கி, பின்புறத்தில் 10 முதல் 42 வரை பதினொரு பல்சக்கரங்களைக் கொடுத்தபோது விகிதம் 420 ஆகக் குறைந்தது. 2016இல் பன்னிரண்டு பல்சக்கரங்களோடு வந்த ‘ஈகிள்’ 10-50 ஆனதும் 500. 2018இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் எக்ஸ்டிஆர் தொகுப்பில் 10-51 கொடுத்ததும் 510. 2020இல் ஈகிள் 10-52 ஆனதும் 520. இன்றைக்கும் அந்தப் பழைய மூன்று செயின் வீலின் வீச்சை ஒற்றைச் செயின் வீல் எட்டவில்லை என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. ஆனாலும் ஓட்டுகிறவர்கள் மாற்றத்தை ஏற்றுக்கொண்டார்கள். முன் டிரெய்லியர், அதன் கேபிள், இடக்கை நெம்புகோல், இரண்டு செயின் வீல்கள் எல்லாம் போய்விட்டன. அகலமும் குறுகலுமாக மாறி மாறி வரும் பற்கள் செயினைக் கழலாமல் பிடித்துக்கொண்டன. இடக்கைப் பக்கம் காலியான இடத்தில் சீட்டை ஏற்றி இறக்கும் நெம்புகோல் வந்து உட்கார்ந்தது.

இந்த மாற்றத்தால் கேசட் மாட்டும் உருளையும் மாற வேண்டியதாயிற்று. ஷிமானோவின் எச்ஜி உருளையின் குறுக்களவுக்கு 11 பல்லுக்குக் குறைவான சக்கரத்தை அதன்மேல் வைக்க இடமில்லை. பத்துப் பல் வேண்டுமென்றால் உருளை முனையில் ஒடுங்க வேண்டும். ஸ்ராம் அதற்கு எக்ஸ்டி என்றொரு வடிவத்தையும், ஆறு ஆண்டுகள் கழித்து ஷிமானோ மைக்ரோ ஸ்ப்லைன் என்று இன்னொன்றையும் உண்டாக்கின. ஒரே ஒரு பல்லுக்காக உலகம் முழுவதும் ஹப் நிறுவனங்கள் மூன்று வகை உருளைகளைச் செய்து அடுக்கிவைக்க வேண்டிய நிலை வந்தது.

ஹேங்கருக்கு இதனால் நேர்ந்தது வேறு. பல்சக்கரங்கள் கூடக் கூட அவற்றுக்கு இடையிலான தூரம் குறைகிறது. ஒன்பது வேகக் கேசட்டில் ஒரு சக்கரத்தின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 4.3 மி.மீ. அளவு, பன்னிரண்டு வேகத்தில் ஏறத்தாழ 3.65 மி.மீ. ஹேங்கர் ஒரே ஒரு டிகிரி உள்பக்கம் சாய்ந்தாலும், அதற்கு 8 செ.மீ. கீழே தொங்கும் டிரெய்லியரின் புல்லி 1.4 மி.மீ. நகர்ந்துவிடும், பல்சக்கர இடைவெளியில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கண்ணுக்கு நேராகத் தெரியும் ஹேங்கரே கியரை ‘டக், டக்’ என்று தயங்க வைக்கப் போதுமானது. கேபிளை இறுக்கியும் தளர்த்தியும் மணிக்கணக்கில் போராடிய பிறகு, நீளமான கோலுடைய ஹேங்கர் அளவுக் கருவியை மாட்டி, ரிம்மைச் சுற்றி நான்கு இடங்களில் தூரம் பார்த்தால் உண்மை வெளிப்படும். பழைய ஏழு வேக வண்டியை வைத்திருப்பவர் இந்தக் கருவியை வாழ்நாளில் பார்த்திருக்கவே மாட்டார். பன்னிரண்டு வேக வண்டிக்கு அது காற்றடிக்கும் பம்பைப் போல அவசியமாகிவிட்டது.

ஹேங்கர் கிடைக்காமற்போவதன் கஷ்டத்தை நானும் பட்டிருக்கிறேன். பத்தாண்டுப் பழைய ஃபிரேம் ஒன்றின் ஹேங்கர் முறிந்தது. தயாரித்த நிறுவனம் அந்த வடிவத்தை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. கடைசியில் முறிந்த இரு துண்டுகளையும் பசைவைத்து ஒட்டி, கோயம்புத்தூரில் தெரிந்த லேத் பட்டறை ஒன்றுக்கு எடுத்துப் போனேன். பட்டறைக்காரர் வடிவத்தை அரை நாளில் வெட்டிவிட்டார்; சிக்கியது மரையில். டிரெய்லியர் மாட்டும் துளை 10 மி.மீ. விட்டம், மரை இடைவெளி 1 மி.மீ. பட்டறையில் இருந்த, மரை வெட்டும் 10 மி.மீ. டேப்போ வழக்கமான ஒன்றரை மி.மீ. இடைவெளி கொண்டது. “சார், சைக்கிளுக்கு எதுக்கு இவ்வளவு நைஸ் மரை?” என்று கேட்டுக்கொண்டே கடைவீதிக்கு ஆளனுப்பினார். டேப் வந்து சேர்ந்து வேலை முடிய மறுநாள் சாயங்காலம் ஆயிற்று. லேத் பட்டறை பக்கத்தில் இல்லாத ஊரில் அந்த ஃபிரேம் அன்றே பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

இந்தப் பின்னணியில் பார்த்தால் 2019இன் யூடிஎச் எவ்வளவு பெரிய உதவி என்பது புரியும். ஃபிரேமின் வலப்புறப் பின்முனையில் குறிப்பிட்ட அளவில் ஒரு வட்டத் துளையும், ஹேங்கர் சுழலாமல் முட்டி நிற்க ஒரு தடுப்பும் இருந்தால் போதும்; எந்த நிறுவனத்தின் ஃபிரேமானாலும் அதே ஹேங்கர் உட்காரும். பின்னச்சு ஹேங்கருக்குள்ளேயே மரையேறி இறுகுகிறது. ஹேங்கரைப் பிடித்திருக்கும் போல்ட் இடக்கை மரை. வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் திருகினால்தான் கழன்றுகொண்டு வரும் என்பதால் முதல்முறை கழற்றுகிறவர்கள் தவறாமல் தடுமாறுவார்கள். முன்னாலிருந்து அடி விழுந்தால் ஹேங்கர் முறிவதற்கு முன் பின்னோக்கிச் சுழன்று கொடுக்கும். அச்சின் மரையும் இதோடு ஒருமைப்பட்டது. அதற்கு முன் 12 மி.மீ. அச்சு என்ற ஒரே பெயரில் 1, 1.5, 1.75 மி.மீ. என மூன்று மரை இடைவெளிகள் புழங்கின; யூடிஎச் 1 மி.மீ. மரையை நிலைநிறுத்தியது. ஸ்ராமின் பாகம் ஒன்றுகூட இல்லாத, முழுக்க ஷிமானோ பூட்டிய வண்டிக்கும் இதன் பயன் கிடைத்தது. ஃபிரேம் நிறுவனங்கள் வேகமாக ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை. உதிரி ஹேங்கரைப் பல்லாண்டுகள் கிடங்கில் வைத்திருக்கும் சுமை அவர்கள் தலையிலிருந்து இறங்கியது.

2023 மார்ச்சில் வந்த ‘ஈகிள் டிரான்ஸ்மிஷன்’ என்ற மின்னணுத் தொகுப்பு அந்தத் துளையை வேறு விதமாகப் பயன்படுத்தியது. புதிய டிரெய்லியரின் மேற்பகுதி இரு காதுகளாகப் பிரிந்து, ஃபிரேமின் பின்முனையை உள்ளும் வெளியுமாகக் கவ்விப் பிடிக்கிறது. பின்னச்சு அதன் ஊடாகவே செல்கிறது. அறிமுகத்தின்போது டிரெய்லியர் மேல் ஒருவர் ஏறி நிற்கும் காட்சியை நிறுவனம் காட்டியது. அது வித்தை போலத் தோன்றினாலும், அடிப்படை மாற்றம் வலிமையில் இல்லை, எந்தப் பாகம் எதைச் சார்ந்து நிற்கிறது என்பதில் இருக்கிறது. முன்பு கேசட் ஹப்பைச் சார்ந்தும், ஹப் ஃபிரேமைச் சார்ந்தும், ஹேங்கர் ஃபிரேமின் வேறொரு முகத்தைச் சார்ந்தும், டிரெய்லியர் ஹேங்கரைச் சார்ந்தும் நின்றன. ஒவ்வோர் இணைப்பிலும் சிறு சிறு பிழை சேர்ந்தது. அந்தப் பிழையைச் சரிக்கட்டவே டிரெய்லியரில் எல்லைத் திருகுகள் இருந்தன. இப்போது டிரெய்லியரும் கேசட்டும் ஒரே அச்சைச் சார்ந்து நிற்பதால் எல்லைத் திருகுகளே இல்லை. செயின் நீளத்தையும் பொருத்தும் கோணத்தையும் அட்டவணைப்படி வைத்து, போல்ட்டை 35 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் வேலை முடிந்தது.

இடம் துல்லியமாகத் தெரிந்துவிட்டதால் கேசட்டின் வடிவமும் அதற்கேற்ப மாறியது. செயின் ஏறவும் இறங்கவும் வசதியான பல் எது என்று முன்கூட்டியே வகுத்து, அந்தப் பல் வரும் வரை காத்திருந்தே கியர் மாறுகிறது. ஏற்றத்தில் முழு பலத்தோடு மிதிக்கும்போதும், மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் மின்சைக்கிளிலும், செயின் கரகரவென்று அலறாமல் மாறுவதற்கு இதுவே காரணம். பொத்தானை அழுத்திய கணமே மாற வேண்டும் என்று பழகியவர்களுக்கு இந்தக் காத்திருப்பு மந்தமாகத் தோன்றும்; எனக்கும் தோன்றியது. விரைவாக மாற்றிக்கொண்டே போகிற ஏற்ற இறக்கப் பாதையில் பழைய முறையே கைக்கு இணக்கம் என்பேன்.

இதில் இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒன்று, பொருத்தம் ஒருவழிப் பாதை. யூடிஎச் ஃபிரேமில் பழைய டிரெய்லியரை ஹேங்கர் போட்டு மாட்டலாம். யூடிஎச் இல்லாத ஃபிரேமில் புதிய டிரெய்லியரை மாட்டவே முடியாது. டிரெய்லியரும் கேசட்டும் செயினும் ஒரே தொகுப்பாக வர வேண்டும், செயின் கோடும் 55 மி.மீ.க்கு நகர்ந்துவிட்டது. மற்றொன்று, ஃபியூஸ் போய்விட்டது. ஹேங்கர் வளைந்தால் விலை குறைந்த துண்டை மாற்றி மறுநாள் காலை ஓட்டப் போகலாம். இப்போது அந்த அடியை டிரெய்லியரே வாங்குகிறது. அடி விழும்போது அது பின்னோக்கிச் சுழன்று கொடுக்கும் என்பதும், உரசித் தேயும் வெளிப்புறத் தகடுகளையும் கீழ்க்கூட்டையும் தனித்தனியே மாற்றலாம் என்பதும் நிறுவனத்தின் பதில். பதில் நியாயமானது, ஆனால் அந்தத் தகடுகள் ஊரில் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதே நம்மைப் போன்றவர்களின் கேள்வி. அதற்கான பதில் வடிவமைப்பில் இல்லை, விநியோகத்தில் இருக்கிறது.

2019இன் இலவச வரைபடம் 2023இன் விற்பனைக்கு விரித்த வலையா என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி எளிதாகச் சொல்லிவிட முடியாது என்றே நினைக்கிறேன். வலையென்றால் அகப்பட்டவருக்கு நட்டம் இருக்க வேண்டும். யூடிஎச் ஃபிரேம் வாங்கியவர் யாரும் டிரான்ஸ்மிஷன் வாங்கியே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் ஃபிரேமின் அந்த மூலை எப்படி இருக்க வேண்டும் என்பதை இனி ஒரு பாக நிறுவனம் தீர்மானிக்கிறது; போட்டியாளர்கள் அந்தத் துளையைச் சுற்றித்தான் தங்கள் பாகத்தை வரைய வேண்டும்.

ஷிமானோவின் போக்கு இதற்கு மாறாக இருக்கிறது. 2025 ஜூனில் வெளியான எக்ஸ்டிஆர் டிஐ2 என்ற மின்னணு டிரெய்லியர் கம்பியில்லாமல் இயங்கினாலும், பேட்டரியை உடலுக்குள்ளேயே ஒளித்துவைத்திருந்தாலும், ஹேங்கரில்தான் தொங்குகிறது. ஆகவே யூடிஎச் இல்லாத ஃபிரேமுக்கும் வழியுண்டு. 10-51 கேசட்டோடு 9-45 என்ற சிறிய கேசட்டையும் கொடுத்திருக்கிறார்கள். விகிதம் 500 சதவீதம், டிரெய்லியரோ குட்டையாகி, பாறையில் இடிபடும் வாய்ப்பு குறைகிறது. அடி தாங்கும்படி வலுவாகச் செய்வது ஒரு வழி, அடி படாத உயரத்துக்கு ஏற்றிவிடுவது இன்னொரு வழி.

ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அதைவிட முக்கியமானது ஷிமானோ கீழ்த்தட்டில் செய்த வேலை. 2021இல் வந்த லிங்க்கிளைடு கேசட்டுகள் எடை குறைப்பதை விட்டுவிட்டு, பற்களைத் தடிமனாக்கி, தேய்மானத்தைத் தள்ளிப்போடுவதைக் குறிக்கோளாகக் கொண்டவை. அவை பழைய எச்ஜி உருளையிலேயே உட்காரும். 2023இல் வந்த க்யூஸ் தொகுப்பு அதை விரித்து, 9, 10, 11 வேகங்கள் மூன்றுக்கும் ஒரே செயினையும் ஒரே கேபிள் இழுப்பு விகிதத்தையும் வைத்தது. முன்பு அப்படி இல்லை. ஷிமானோவின் ஒன்பது வேக மலைச் சைக்கிள் டிரெய்லியரைப் பத்து வேக நெம்புகோலோடு இணைத்தால் ஒரு கியரும் சரியாக விழாது. தைவானின் மைக்ரோஷிஃப்ட் நிறுவனமும் இதே தளத்தில் நிற்கிறது; அதன் ‘அட்வென்ட் எக்ஸ்’ 11-48 வீச்சுடைய பத்து வேகத்தை எச்ஜி உருளையிலேயே தருகிறது. பத்துப் பல் சக்கரத்தைக் கைவிட்டதற்கு ஈடாக, ஏற்கெனவே கையில் இருக்கும் சக்கரத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். இந்த வகைப் பாகங்கள் பத்திரிகை அட்டைகளில் வருவதில்லை.

ஸ்ராமும் கீழே இறங்கி வந்திருக்கிறது. 2025 மார்ச்சில் வெளியான ஈகிள் 90, ஈகிள் 70 இரண்டும் பேட்டரி இல்லாமல் சாதாரணக் கேபிளில் இயங்குபவை. ஆனால் ஃபிரேமைக் கவ்வும் அதே முறையில் மாட்டப்படுபவை. ஹேங்கர் இல்லாத வடிவம் விலை உயர்ந்த மின்னணுத் தொகுப்போடு பிணைந்தது என்ற நிலை இதோடு முடிந்தது. இனி நடுத்தர விலை வண்டியிலும் அது வரும். அதனால் யூடிஎச் இல்லாத புதிய ஃபிரேம் விற்பனையாவதும் கடினமாகும்.

கைமாறிய பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஃபிரேமின் அழகுக்கு முன் சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. பின்முனைகளில் ஹப் முட்டி உட்காரும் இரு முகங்களுக்கு இடையிலான தூரத்தை ஸ்கேலில் அளந்தால் 135, 142, 148 என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். 142க்கும் 148க்கும் இன்னும் நல்ல ஹப்புகள் கிடைக்கின்றன. எச்ஜி உருளையுள்ள 135க்குப் பஞ்சமே இல்லை. அச்சைக் கழற்றி மரை இடைவெளியைப் பார்க்க வேண்டும்; 1.5 அல்லது 1.75 ஆக இருந்தால், அச்சு தொலைந்துபோனாலோ வளைந்துபோனாலோ அதே மரையுள்ள அச்சைத்தான் தேட வேண்டியிருக்கும். ஹேங்கரில் யூடிஎச் என்ற எழுத்து இல்லையென்றால், அந்த வடிவம் இன்றும் விற்பனையில் உள்ளதா என்று தேடிப் பார்த்து, கிடைத்தால் வண்டிக்குப் பணம் கொடுக்கும் அன்றே இரண்டாக வாங்கி, ஒன்றைச் சீட்டுக்குக் கீழ்ப் பையிலும் மற்றதை வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம். கிடைக்கவில்லையென்றால், முறிவதற்கு முன்பே, முழுதாக இருக்கும் துண்டை லேத் பட்டறைக்கு எடுத்துப் போவது நல்லது. 1 மி.மீ. மரை டேப்பைக் கையோடு வாங்கிக்கொண்டு போனால் ஒரு நாள் மிச்சம்.